உரம் கூடக்கூட மஞ்சளான தக்காளி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறு தக்காளிச் செடிகள். ஒரே விதைப் பொட்டலம், ஒரே நாள் நடவு, ஒரே அளவு பை. ஒவ்வொன்றும் 20 லிட்டர் கொள்ளும். பாதிக்கு மேல் கோகோபீட் எனும் தென்னை நார்க்கழிவு, மீதி மண்புழு உரமும் கொஞ்சம் தோட்ட மண்ணும். நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் முழு வெயிலில் வளர்ந்தவை. முதல் பூங்கொத்து வரும்வரை கரும்பச்சையாக, தண்டு பருத்து, பார்க்கவே நன்றாக இருந்தன. பூ வந்த இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது. அடியிலும் நடுவிலும் இலைகள் மஞ்சளாயின, சில செடிகளில் நுனித்தளிரும் வெளிறியது, பூக்கள் காம்போடு உதிர்ந்தன, பிடித்த சில காய்களின் அடிப்பக்கம் கறுத்தது.

நண்பர் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் என்றால் சத்துக் குறைவு என்று உரத்தைக் கூட்டினார். மஞ்சளும் கூடியது. நுண்ணூட்டக் கலவை வாங்கி ஊற்றினார். காயின் அடி கறுத்ததும் கால்சியம் நைட்ரேட் வாங்கி, மற்ற உரங்கள் கரைத்திருந்த அதே வாளியில் போட்டார். வாளித் தண்ணீர் பால்போல் கலங்கி, அடியில் வெள்ளையாக மண்டி தங்கியது. இதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். ஆனால் அந்த வெள்ளை மண்டி ஒரு முக்கியமான தடயம், பிறகு வருகிறேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இலையில் ஒரு சத்து குறைந்திருப்பதும் வேர்மண்ணில் அந்தச் சத்து குறைந்திருப்பதும் வேறு வேறு விஷயங்கள். தொட்டிச் செடிகளில், அதுவும் பூக்கும் பருவத்தில் கையை நீட்டி உரம் போடுபவர்களின் செடிகளில், முதலாவது இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. இந்த ஆறு பைகளில் அதைப் பிரித்துக் காட்ட வசதியாக ஒரு தற்செயலும் அமைந்திருந்தது.

என்ன கொடுக்கப்பட்டது

பூ வந்தவுடன் "பூக்கும் பருவ உரம்" என்ற பேரில் இரண்டு உரங்களுக்கு மாறியிருந்தார். ஒன்று 0-52-34, அதாவது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். இன்னொன்று 13-0-45, பொட்டாசியம் நைட்ரேட். மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றைக் குறிக்கும். லிட்டருக்கு முதலாவது 2 கிராம், இரண்டாவது 1 கிராம் எனச் சேர்த்துக் கரைத்து வாரம் இரண்டு முறை. பை நிறையக் கொடுத்தால் அடியில் வழிந்து வீணாகும் என்று, அடியில் ஒரு சொட்டும் வராத அளவுக்குத்தான் ஊற்றுவார். சிக்கனம்தான். ஆனால் தொட்டியில் உரத்தின் உப்பு சேருவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூட்டையில் அச்சிட்டிருக்கும் 52, 34 என்ற எண்கள் ஆக்சைடு வடிவத்தின் சதவீதம். தனிமமாக மாற்றினால் மணிச்சத்து 23 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, சாம்பல்சத்து 28 சதவீதம். ஆக இரண்டு உரமும் சேர்ந்து அவர் கரைத்த ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 450 மில்லிகிராம் பாஸ்பரஸும் 940 மில்லிகிராம் பொட்டாசியமும் இருந்தன. மண்ணில்லாமல் நீரிலேயே தக்காளி வளர்ப்பவர்கள்கூடப் பாஸ்பரஸை 50 மில்லிகிராமைச் சுற்றியும், பொட்டாசியத்தைக் காய்ப் பருவத்தில் 200 முதல் 350 வரையும்தான் வைப்பார்கள். காய் பெருக்கும்போது தக்காளிக்குப் பொட்டாசியம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. பாஸ்பரஸ் பத்து மடங்கு வேண்டும் என்பதற்கு எந்தச் செடியும் சாட்சி சொல்லாது. பூவுக்கு மணிச்சத்து என்று பள்ளிப் பாடத்தில் படித்தது மூட்டைமேல் பூப்படமாக மாறி விற்பனையாகிறது, அவ்வளவுதான்.

இதுபோக மரச்சாம்பல். ஆறு பைகள் இரண்டு வரிசையில் இருந்தன. முன்வரிசை நான்கு பைகளுக்கு மட்டும், பைக்கு இரண்டு கைப்பிடி வீதம், மேலாகத் தூவிக் கிளறிவிட்டிருக்கிறார். அதற்குள் சாம்பல் தீர்ந்துவிட்டது. பின்வரிசை இரண்டு பைகளுக்குப் போடவில்லை. அந்தத் தற்செயல் இதுதான்.

"சாம்பல் இயற்கையானதுதானே, அது என்ன பண்ணிடும்?" என்றார். நிறையப் பண்ணும். மரச்சாம்பலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும்தான். தண்ணீரில் கரைத்தால் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 10க்கு மேல் போகும். அமிலத்தன்மை கூடிய நிலத்துக்கு அது மருந்து. ஏற்கெனவே கடின நீர் பாய்கிற 20 லிட்டர் பைக்கு அப்படி இல்லை.

செடியைப் பார்த்தபோது

இலை மஞ்சள் என்று சொன்னால் போதாது. எந்த இலை, இலையின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய தளிருக்கு அனுப்பிக்கொள்ளும். அதனால் இவை குறைந்தால் அடியிலைகளில் முதலில் தெரியும். இரும்பு, கால்சியம், போரான், மாங்கனீசு ஆகியவை ஒருமுறை இலையில் உட்கார்ந்துவிட்டால் எளிதில் நகராது. இவை குறைந்தால் நுனியில்தான் முதலில் தெரியும். கந்தகம் இரண்டுக்கும் நடுவே, ஆனால் பெரும்பாலும் இளம் இலைப்பக்கம்.

பின்வரிசை இரண்டு செடிகளிலும் நுனி நன்றாகவே இருந்தது. கீழிருந்து நடுவரை உள்ள இலைகளில் மட்டும் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பட்ட சதை மஞ்சளாகியிருந்தது. ஓரம் கருகவில்லை, கருகியிருந்தால் சாம்பல்சத்துக் குறைவை யோசித்திருப்பேன். நரம்பும் சேர்ந்து ஒரே மஞ்சளாக வெளுக்கவில்லை, அப்படியிருந்தால் தழைச்சத்து. இலையடியில் ஊதா நிறம் இல்லை. மணிச்சத்துக் குறைவும் இல்லை. மிச்சம் இருப்பது மக்னீசியம். தக்காளியில் இது மிகச் சாதாரணமாக வருவது. பழைய இலைகளில் பாதி மட்டும் இப்படி ஆகியிருந்தால் கவலையே படவேண்டியதில்லை. காய்க்கும் தக்காளி அடியிலைகளை எப்படியும் கழிக்கும். ஆனால் இங்கே மஞ்சள் வேகமாக மேலேறிக்கொண்டிருந்தது.

முன்வரிசை நான்கிலும் இதே அடியிலை மஞ்சள் இருந்தது. கூடவே நுனியிலும் மஞ்சள். புதிதாக விரிந்த இலைகள் எலுமிச்சை நிறத்தில், மெல்லிய நரம்பு மட்டும் பச்சைக் கோடாக. மிக இளந்தளிர் கிட்டத்தட்ட வெண்மை. இரும்புக் குறைவின் அடையாளம் இது. மாங்கனீசுக் குறைவும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், ஆனால் பச்சை நரம்பைச் சுற்றி அகலமான பச்சைப் பட்டை நிற்கும், அடிநோக்கி வெளிறல் மெல்லத் தேயும். இங்கே கோடு ஊசிபோல் இருந்தது.

ஒரே செடியில் அடியில் ஒரு குறை, நுனியில் ஒரு குறை. நடுவில் ஆறேழு இலைகள் ஓரளவு பச்சை. இப்படிப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் காரணங்களைத் தேட வேண்டும் என்று அர்த்தம். பலரும் இந்த இடத்தில் "எல்லாச் சத்தும் குறைவு" என்று முடிவுகட்டி எல்லாச் சத்தும் உள்ள கலவையை ஊற்றுகிறார்கள்.

உரப் பக்கம் போவதற்கு முன் வேறு சிலவற்றை விலக்கிவிட வேண்டும். இலையடியைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். செம்பேன் இல்லை, நூலாம்படையும் இல்லை. வெள்ளை ஈ ஒன்றிரண்டு பறந்தது, ஆனால் இலைச்சுருள் நோயில் வரும் மேல்நோக்கிய சுருட்டலும் சிறுத்த தளிரும் எங்குமில்லை. கழித்த ஒரு கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததில் உள்ளே பழுப்பு வளையம் இல்லை, இலையின் ஒருபக்கம் மட்டும் வாடவும் இல்லை. ஆக வாடல் நோயும் இல்லை. ஒரு இலையில் வட்டவட்டமான புள்ளி இருந்தது, இலைக்கருகலின் தொடக்கம். அதைக் கிள்ளி எறிந்ததோடு சரி.

அளந்தபோது

கையில் இருந்தவை இரண்டு பேனா மீட்டர்கள், ஒன்று பி.எச்.சுக்கு, ஒன்று இ.சி. எனும் மின்கடத்துத்திறனுக்கு (நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை இது காட்டும்). அப்புறம் மீன்தொட்டிக்காரர்கள் நீரின் காரத்தன்மை பார்க்கப் பயன்படுத்தும் சொட்டு மருந்து. பி.எச். பேனாவை 4, 7 என்று பி.எச். முன்பே தெரிந்த இரண்டு தாங்கல் கரைசல்களிலும் சரிபார்க்காமல் நம்பக்கூடாது. நண்பரிடம் ஒரு பேனா ஏற்கெனவே இருந்தது. அது 7 என்ற கரைசலில் 6.2 காட்டியது. அதை வைத்து அவர் "பி.எச். எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று நம்பியிருந்தார்.

மேலே ஊற்றும் தண்ணீரை அளப்பது பாதி வேலை. வேர் எதில் நிற்கிறது என்பதை அறியப் பையின் வடிநீரை அளக்க வேண்டும். பையை வழக்கம்போல் நனைத்து, முக்கால் மணி நேரம் விட்டு, பிறகு காய்ச்சி வடித்த நீரை மெல்ல மேலே ஊற்றினால், உள்ளே ஏற்கெனவே இருந்த கரைசலை அது கீழே தள்ளும். அடியில் முதலில் வரும் 50 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். அதற்குப் பின் வருவது ஊற்றிய நீரோடு கலந்தது, அதன் அளவு ஏமாற்றும்.

குழாய் நீர்: பி.எச். 7.8, இ.சி. சென்டிமீட்டருக்கு 0.9 மில்லி சீமென்ஸ், காரத்தன்மை சோதனையில் நிறம் மாற 14 சொட்டு. ஒரு சொட்டுக்கு 17.9 மில்லிகிராம் என்ற கணக்கில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பி.எச். எண்ணைவிட இந்த 250தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பி.எச். என்பது அந்த நேரத்து நிலை; காரத்தன்மை என்பது அந்த நிலையை மாற்றவிடாமல் தண்ணீருக்குள் இருக்கும் பைகார்பனேட்டின் அளவு. 100க்குக் கீழே இருந்தால் தொட்டிச் செடிக்கு நிம்மதி. 250 உள்ள நீர் ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டதுபோல் வேலை செய்யும்.

பின்வரிசை வடிநீர்: பி.எச். 6.6, 6.7, இ.சி. 5 சொச்சம்.

முன்வரிசை வடிநீர்: பி.எச். 7.6 முதல் 7.9 வரை, இ.சி. 5.2 முதல் 5.8 வரை.

இந்த மூன்று அளவீடுகளிலேயே நோய் பிடிபட்டுவிட்டது. தொட்டித் தக்காளிக்கு வடிநீர் இ.சி. 2 முதல் 3.5 வரை இருக்கலாம். ஐந்தைத் தாண்டினால் வேர் தண்ணீர் இழுக்கவே சிரமப்படும். ஆறு பைகளிலும் உரம் பற்றாக்குறை இல்லை, உரம் தேங்கி நின்றது. அப்படியிருக்க மக்னீசியம் ஏன் குறைந்தது? பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் மூன்றும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகள். வேரின் ஒரே வாசலில் நெரிசல். பொட்டாசியம் கூட்டமாக வந்தால் மக்னீசியம் வெளியே நிற்கும். இந்த நெரிசல் இரு வரிசைக்கும் பொது, அதனால் அடியிலை மஞ்சளும் இரு வரிசைக்கும் பொது.

இரும்பின் கதை வேறு. பி.எச். 7ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத ஆக்சைடாக மாறி அங்கேயே கிடக்கும்; அதோடு தேவைக்கு மீறிய பாஸ்பேட்டும் இரும்பைக் கட்டிப்போடும். பின்வரிசைக்கும் அதே அளவு பாஸ்பேட் போயிருக்கிறது, ஆனாலும் நுனி பச்சை. ஆகவே பாஸ்பேட் மட்டும் காரணம் இல்லை, சாம்பல் ஏற்றிய பி.எச்.தான் தராசைச் சாய்த்தது. அவர் ஊற்றிய நுண்ணூட்டக் கலவையில் இரும்பு இருந்தது உண்மை. அந்தப் புட்டியில் இ.டி.டி.ஏ. வடிவ இரும்பு என்று போட்டிருந்தது, அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் ஒரு சேர்மத்தோடு. அது பி.எச். 6.5 வாக்கில்தான் தாக்குப்பிடிக்கும். 7.7 உள்ள பையில் கொஞ்ச நேரத்தில் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, இரும்பு தனியாக விழுந்துவிடும். புட்டி காலி, இலை மஞ்சள்.

காயின் அடி கறுத்தது பூமுனை அழுகல். காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் நீராவிப்போக்கின் இழுப்பில்தான் மேலேறுகிறது. இலை நிறைய நீரை ஆவியாக்கும், காய் ஆக்காது. அதனால் தண்ணீர் இழுப்பு கொஞ்சம் தடுமாறினாலும் முதலில் பாதிக்கப்படுவது காய். இங்கே இ.சி. ஐந்து, பொட்டாசிய நெரிசல், ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ந்து நனையும் பை. கடின நீரிலும் சாம்பலிலும் கால்சியம் ஏராளம். ஆக மேலும் கால்சியம் கொடுப்பதில் பொருளே இல்லை. அந்த வாளி மண்டியும் இதையே சொன்னது: கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே வாளியில் சந்தித்து கால்சியம் பாஸ்பேட்டாக விழுந்தது. செடிக்குப் போகவேண்டிய இரண்டும் வாளியிலேயே உதவாமல் போயின. கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட் உரத்தோடும் சல்பேட் உரத்தோடும் ஒன்றாகக் கரைக்கக் கூடாது, வேறு வேறு நாளில் கொடுக்க வேண்டும்.

செய்தது

முதல் வேலை எல்லா உரத்தையும் நிறுத்தியது. இதற்கு நண்பரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. பட்டினியாகத் தெரியும் செடிக்குச் சோறு போடாதே என்றால் யாருக்கும் மனம் வராது. வடிநீர் இ.சி. எண்ணைக் காட்டியபிறகுதான் ஒப்புக்கொண்டார்.

முன்வரிசைப் பைகளில் சாம்பல் கலந்த மேல்மட்டத்தை இரண்டு அங்குலம் வழித்தெடுத்து, அந்த இடத்தில் கழுவிய கோகோபீட்டும் மண்புழு உரமும் நிரப்பினோம். வேர் கொஞ்சம் அறுந்தது, வேறு வழியில்லை. கறுத்த காய்களைப் பறித்தோம், அவை தேறாது.

பிறகு பைகளைக் கழுவினோம். மழைநீர் சேமிப்பு இருந்ததால் குழாய் நீரோடு சரிபாதி கலந்தோம். காரத்தன்மை 125க்கு இறங்கிவிட்டது. முன்வரிசைக்கு மட்டும் இந்தக் கலப்பில் சிட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச்.சை 6 வாக்கில் கொண்டுவந்தோம். மழைநீர் கலக்காத குழாய் நீருக்கு 10 லிட்டருக்கு 3 கிராம் பிடித்திருக்கும், கலந்ததற்கு அதில் பாதி போதுமானதாக இருந்தது. கண்ணளவில் போடாமல் பேனா பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சிட்ரிக் அமிலத்தை நிரந்தரத் தீர்வாக நம்ப வேண்டாம். மண்ணுயிரிகள் சிட்ரேட்டைத் தின்று தீர்த்ததும் பைகார்பனேட் திரும்ப வந்துவிடும். இரண்டொரு பாய்ச்சலுக்குக் கைகொடுக்கும், அவ்வளவே.

ஒரு பைக்கு 20 லிட்டர். ஒரே மூச்சில் கொட்டினால் ஓரமாக ஓடி வெளியேறிவிடும், நடுவில் இருக்கும் உப்பு நகராது. அதனால் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு, காலை முழுக்க. முதலில் வந்த வடிநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருந்தது. முடிந்தபோது ஐந்து பைகளில் இ.சி. 2ஐ ஒட்டி வந்துவிட்டது. முன்வரிசை பி.எச். 7.2, 7.3 வரைதான் இறங்கியது. சாம்பலின் சுண்ணாம்பு உள்ளே கலந்துவிட்டால் ஒரு கழுவலில் போகாது. கந்தகத் தூள் போடலாமா என்று கேட்டார். கந்தகம் அமிலமாக மாற நுண்ணுயிர் வேலை செய்து வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும்; இந்தச் செடிகளின் ஆயுளுக்குள் அது பலன்தராது.

ஆறாவது பையில் சிக்கல். முன்வரிசை ஓரத்துப் பை அது. நீர் மேலேயே தேங்கியது, அடியில் சொட்டுச்சொட்டாக வந்தது. வடிகால் துளைகளை வேர் அடைத்திருந்தது. துளை போட்டுவிட்டோம், ஆனால் உள்ளிருந்து வந்த நாற்றம் நல்லதாக இல்லை.

கழுவி முடித்தபிறகுதான் இரும்பு. முன்பே கொடுத்தால் கழுவலோடு போய்விடும். பி.எச். 7.2இல் நிற்கக்கூடிய இரும்பு வடிவம் இ.டி.டி.எச்.ஏ.; பி.எச். 9 வரைகூட அது இரும்பை விடாமல் பிடித்திருக்கும். டி.டி.பி.ஏ. வடிவம் 7 வாக்கில் எல்லைக்கோட்டில் நிற்கும். 6 சதவீத இரும்புள்ள இ.டி.டி.எச்.ஏ. தூளை 10 லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, பைக்கு இரண்டு லிட்டர் வேரில் ஊற்றினோம். கரைசல் கருஞ்சிவப்பாக இருக்கும், துணியில் பட்டால் போகாது. வெயிலில் சிதையும் என்பதால் மாலையில் ஊற்றி மேலே கொஞ்சம் கோகோபீட் மூடினோம். இதை இலைமேல் தெளிப்பதில் பயனில்லை.

முன்வரிசைப் பைகளில் ஒன்றுக்கு மட்டும் இரும்பு கொடுக்காமல் விட்டுவைத்தேன். கழுவினது மட்டுமே போதுமா என்று தெரிய வேண்டாமா?

மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு, லிட்டருக்கு 10 கிராம், இலைமேல் தெளிப்பு. வேரில் ஊற்றினால் பொட்டாசிய நெரிசலில் அதுவும் மாட்டிக்கொள்ளும், உப்பளவும் ஏறும். இலை வழியே போனால் நெரிசல் இல்லை. முதலில் இரண்டு இலைகளில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, பிறகு மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கமும் நனைய. வாரம் ஒரு முறை. பின்வரிசை இரண்டில் ஒன்றுக்குத் தெளிக்கவில்லை, அதே காரணத்துக்காக.

உரம் மறுபடி தொடங்கியது ஒன்றரை வாரம் கழித்து. 19-19-19 லிட்டருக்கு அரை கிராம், ஒருமுறை உரநீர், மறுமுறை வெறும் நீர். அதிலுள்ள அம்மோனியம் வேரைச் சுற்றி பி.எச்.சைக் கொஞ்சம் இறக்கும், அது முன்வரிசைக்கு உதவும். காய்கள் பெருக்கத் தொடங்கியதும் 13-0-45ஐ அரை கிராம் வீதம் இடையிடையே. ஒவ்வொரு முறையும் ஊற்றும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடியில் வழியும்படி. 0-52-34 மூட்டையைக் கட்டி வைத்தாயிற்று.

பின்தொடர்ந்தபோது

முதல் வாரம் எதுவும் நடக்காததுபோல்தான் இருந்தது. நண்பர் தினமும் பழைய இலைகளைப் பார்த்துப் புலம்பினார். மஞ்சளாகிக் கருகிய சதை மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மஞ்சள் மேலேறுவது நின்றதா, சிகிச்சைக்குப் பின் விரிந்த இலை எந்த நிறம் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். அடையாளத்துக்காக நுனியிலிருந்த ஓர் இலைக்காம்பில் நூல் கட்டிவைத்தேன்.

பத்து நாளில் நூலுக்கு மேலே வந்த இலைகள், இரும்பு ஊற்றிய செடிகளில், தெளிவான பச்சை. நூலுக்குக் கீழே வெளிறியிருந்த இளம் இலைகளும் ஓரளவு நிறம் பிடித்தன. இரும்பு கொடுக்காத செடியின் நுனி இன்னும் எலுமிச்சை நிறம்தான். கழுவியதால் கொஞ்சம் தேறியிருந்ததே தவிரப் பக்கத்துச் செடியோடு ஒப்பிட முடியாது. பி.எச். 7.2 என்பது இரும்புக்கு இன்னும் மூடிய கதவுதான் என்பது உறுதியானதும் அதற்கும் ஊற்றிவிட்டோம். அதுவும் அடுத்த வாரத்தில் தேறியது.

மக்னீசியத்தில் முடிவு வேறு மாதிரி. தெளித்த செடிகளில் நடு இலைகள் வேகமாகப் பச்சை திரும்பின. தெளிக்காத செடியிலும் மஞ்சள் ஏறுவது நின்றுவிட்டது, மெதுவாகத்தான் என்றாலும். அதாவது பையில் மக்னீசியம் இருந்திருக்கிறது. பொட்டாசியம் குறைந்ததும் வேர் தானாகவே எடுத்துக்கொண்டது. தெளிப்பு ஒரு வசதி; கட்டாயம் இல்லை. இரும்புக்கு அப்படிச் சொல்ல முடியாது.

புதிதாகப் பிடித்த காய்களில் அடி கறுப்பு வெகுவாகக் குறைந்தது. ஒரு கரண்டி கால்சியமும் கொடுக்காமலேயே. தினமும் அளவாகத் தண்ணீர் விட்டதும் இ.சி. இறங்கியதும்தான் காரணம்.

பூ உதிர்வதுதான் நிற்கவில்லை. இலை பச்சையாகி, இ.சி. சீராகி, எல்லாம் சரியான பின்னும் இரண்டு கொத்து முழுசாக உதிர்ந்தது. அந்த நாட்களில் பகலில் 36, 37 டிகிரி, இரவில் 25க்குக் குறையவில்லை. தக்காளி மகரந்தம் இந்தச் சூட்டில் வீரியம் இழக்கும். இரவு வெப்பம் அதிகமானாலே பிடிப்பு குறையும். வெயில் தணிந்த வாரத்தில் காய் பிடிக்கத் தொடங்கியது. நண்பர் சத்துக் குறைவு என்று நினைத்த நான்கு அறிகுறிகளில் இது ஒன்று சத்தோடு சம்பந்தமே இல்லாதது. காலையில் கொத்தை லேசாகத் தட்டிவிடுவதும் மதியத்துக்கு நிழல்வலையும் மட்டுமே இதற்கு நம்மால் முடிந்தவை.

ஆறாவது பைச் செடி தேறவில்லை. நனைந்த பையிலும் மதியத்தில் வாடியது. எடுத்துப் பார்த்ததில் வேரின் அடிப்பாதி பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தது. இலையில் தெரிந்தது அதே இரும்பு, மக்னீசிய மஞ்சள்தான், ஆனால் அழுகிய வேருக்கு எந்தச் சத்தைக் கொடுத்தாலும் மேலே போகாது. முதலிலேயே வடிகாலைப் பார்த்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். இப்போது யாராவது மஞ்சள் இலைப் படம் அனுப்பினால், அடித்துளையில் தண்ணீர் தாராளமாக வருகிறதா என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

சாம்பல் கலந்த பைகளின் கலவையை அடுத்த பயிருக்கு என்ன செய்வது என்பது பாக்கி. மறுபடி தக்காளிக்கு வேண்டாம் என்று முடிவு. வடிநீர் இ.சி. 1.5க்குக் கீழே வரும்வரை கழுவி, புதிய கோகோபீட்டோடு ஒன்றுக்கு இரண்டு கலந்து, கொஞ்சம் காரத்தைப் பொறுத்துக்கொள்ளும் கீரைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கந்தகத் தூளும் இப்போது கலந்தாயிற்று, வேலை செய்ய அதற்கு நேரம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிநீரைப் பிடித்து, பி.எச்., இ.சி. இரண்டையும் பையின் மேலேயே அழியாத பேனாவால் எழுதிவைக்கிறார் நண்பர்.